முத்தக் காட்சிக்கு மாஸ்டர் இல்லை

1986 தீபாவளிக்கு வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில், சாகத் துணிந்த காதலர்கள் இருவர் அருவியின் உச்சியில் நின்று முத்தமிட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அது பெரிய பேச்சு. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்தக் காட்சியில் நடித்த ரேகா ஒரு பேட்டியில் மனம்திறந்தார். முத்தம் இருப்பதாகத் தன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றார். அப்போது தனக்குப் பதினாறு வயது என்றார். 2020இல் அந்தப் பேட்டி சமூக வலைத்தளங்களில் மறுபடி கிளம்பியதும் வழக்கம்போல் இரண்டு கட்சி சேர்ந்தது. உடன் நடித்த கமல்ஹாசன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது ஒன்று. இத்தனை வருடம் கழித்து எதற்கு இந்தப் பேச்சு என்றது மற்றொன்று. இயக்குநர் பாலசந்தர் 2014இலேயே காலமாகிவிட்டார். இந்தக் கூச்சலில் ரேகா சொன்ன இன்னொரு விஷயம் யார் காதிலும் ஏறவில்லை. காட்சி திரையில் அசிங்கமாக இல்லை, கதைக்கு அது தேவைப்பட்டது என்றும் அவரே சொல்லியிருந்தார். சொல்லாமல் எடுத்தார்கள் என்பது மட்டுமே அவருடைய மனக்குறை.

திரையில் உடலைக் காட்டுவது பற்றியும் நெருக்கமான காட்சிகளில் நடிப்பது பற்றியும் நடிகர்கள் சொன்னவற்றைத் திரட்டிப் பார்த்தால், முதல் பார்வையில் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒருவர் முத்தத்துக்கே மறுக்கிறார். ஒருவர் முழு நிர்வாணமாக நடித்துவிட்டு அதைத் தன் சிறந்த நடிப்பு என்கிறார். ஒருவர் அரை நிமிடக் காட்சிக்காக ஆயுள் முழுக்க வருந்துகிறார். ஆனால் கவனித்துப் பார்த்தால், எவ்வளவு காட்டினார்கள் என்பதை வைத்து இவர்கள் பிரிவதில்லை. இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான் பிரிகிறார்கள். என்ன எடுக்கப் போகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிந்திருந்ததா? எடுத்த காட்சி பிற்பாடு யார் கைக்குப் போயிற்று?

சொல்லாமல் எடுத்தவை

இந்த வரலாறு ரேகாவோடு தொடங்கவில்லை. செக்கோஸ்லோவாகியாவில் எடுக்கப்பட்டு 1933இல் வெளியான ‘எக்ஸ்டஸி’ படத்தில் ஹெடி லமார் குளத்தில் நிர்வாணமாக நீந்தினார். பின்னாளில் ஹாலிவுட்டின் பேரழகி என்று கொண்டாடப்பட்ட அவர், அன்று இருபது வயதைக்கூட எட்டாத பெண். கேமரா தொலைவில்தான் இருக்கும், உடல் தெளிவாகத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸைப் பயன்படுத்தினார்கள் என்று அவர் பெயரில் வந்த சுயசரிதை சொல்கிறது. அந்த நூலையே பிற்பாடு அவர் ஏற்க மறுத்து வழக்குப் போட்டது தனிக்கதை. அவரை மணந்த ஆயுத உற்பத்தியாளர் ஃபிரிட்ஸ் மாண்டல், படத்தின் பிரதிகளை எல்லாம் விலைகொடுத்து வாங்கி ஒழிக்கப் பார்த்தார். முடியவில்லை.

1972இல் வந்த ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ இதில் மிகக் கசப்பான உதாரணம். மரியா ஷ்னைடருக்கு 19 வயது. உடன் நடித்த மார்லன் பிராண்டோவுக்கு 48. ஒரு பலாத்காரக் காட்சியின் முக்கியமான விவரம் அவரிடம் மறைக்கப்பட்டது. அது திரைக்கதையில் இல்லாதது என்றும், தன் கண்ணீர் நிஜம் என்றும், தான் அவமானப்பட்டதாகவும் 2007இல் ஷ்னைடர் சொன்னார். அவர் இறந்த பிறகு, 2013இல், இயக்குநர் பெர்டலூச்சி பேசினார். நடிகையாக அல்லாமல் ஒரு பெண்ணாக அவர் காட்டும் எதிர்வினை தனக்கு வேண்டியிருந்தது, அதனால் சொல்லவில்லை என்றார். ‘இயல்பு வேண்டும்’ என்ற கலைக் கொள்கை எதுவரை போகும் என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. நடிக்கத் தெரிந்தவரை அழைத்துவந்து, அவர் நடிக்க வேண்டிய உணர்ச்சியை அவருக்கே செய்து காட்டினால் அதற்குப் பெயர் இயக்கம் ஆகாது.

நம் பக்கத்திலும் இதன் சாயல் உண்டு. ஜெமினி கணேசன், புஷ்பவல்லி இருவரின் மகளான இந்தி நடிகை ரேகா, ‘அஞ்சானா சஃபர்’ படத்தில் நடித்தபோது பதினைந்து வயதுச் சிறுமி. 1969இல் நடந்த அந்தப் படப்பிடிப்பில், தனக்குத் தெரியாமலேயே நாயகன் பிஸ்வஜித் முத்தமிட்டார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவாகியிருக்கிறது. அது இயக்குநரின் யோசனை என்பது பிஸ்வஜித்தின் விளக்கம். படம் தணிக்கையில் சிக்கிப் பத்தாண்டு கழித்து வேறு பெயரில் வெளிவந்தது. படத்தைத் தணிக்கை செய்தவர்களுக்கு முத்தத்தின் நீளம் பிரச்சினையாக இருந்தது. முத்தமிடப்பட்டவரின் வயதும் சம்மதமும் எவருக்கும் பிரச்சினையாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஷேக்ஸ்பியரைப் படமாக்கியவர்களும் விலக்கல்ல. 1968இல் வந்த ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் நடித்த ஒலிவியா ஹஸ்ஸி, லெனர்ட் வைட்டிங் இருவரும் அன்று பதின்ம வயதினர். தோல் நிற ஆடை உண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசி நாட்களில் இயக்குநர் ஸெஃபிரெல்லி மாற்றிப் பேசினார் என்று கூறி, தங்கள் எழுபதுகளில் பாரமவுண்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ (1992) படத்தின் பேர்போன காட்சியில் என்ன தெரியும் என்பதைத் தன்னிடம் மறைத்தார்கள் என்று ஷரோன் ஸ்டோன் 2021இல் எழுதினார். இயக்குநர் வெர்ஹோவன் அதை மறுக்கிறார். ஒவ்வொரு வழக்கிலும் இதே கதிதான். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது காகிதத்தில் இல்லாததால், ஐம்பது வருடம் கழித்தும் ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் நிற்கிறது.

ஹேமா அறிக்கையில் ஒரு நடிகை

பழைய கதைகளை விட்டுவிட்டுக் கிட்டத்தில் வருவோம். 2017இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு, மலையாளத் திரையுலகப் பெண்களின் வற்புறுத்தலால் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 இறுதியில் அளிக்கப்பட்ட அறிக்கை, பெயர்கள் நீக்கப்பட்டு 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியானது. வாய்ப்புக் கேட்டு வந்தவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட ‘அட்ஜஸ்ட்மென்ட்’ பற்றித்தான் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நம் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சாட்சியம் அதிகம் பேசப்படவில்லை.

பெயர் சொல்லப்படாத ஒரு நடிகையின் அனுபவம் அது. படத்தில் நெருக்கமான காட்சி உண்டு என்பது அவருக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்று கேட்கும்போதெல்லாம் இயக்குநர் தெளிவான பதில் தரவில்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையில், சொன்னதைவிட அதிகமாக எதிர்பார்க்கிறார்கள் என்பது புரிந்தது. முத்தம், பிறகு முதுகு தெரிய ஒரு காட்சி என்று போய், அடுத்ததாகக் குளியல் தொட்டிக் காட்சி என்றதும் அவர் சம்பளம்கூட வாங்காமல் வெளியேறினார். எடுத்தவரை நீக்கிவிடுங்கள் என்று கேட்டதற்கு, தன்னை நேரில் வந்து சந்தித்தால்தான் நீக்குவேன் என்றாராம் இயக்குநர்.

சற்று நிதானித்துப் பாருங்கள். இந்த நடிகை நெருக்கமான காட்சியை மறுத்தவர் அல்லர். ஒப்புக்கொண்டுதான் போனார். மழுப்பலான வாக்குறுதி, படப்பிடிப்புத் தளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிய எதிர்பார்ப்பு, பிறகு எடுத்த காட்சியையே பிடிமானமாக வைத்து ஒரு மிரட்டல். மூன்றும் ஒரே கயிற்றின் முடிச்சுகள். முதல் முடிச்சு காகிதத்தில் எழுதப்படாத சம்மதம்.

மாட்டேன் என்பவர்கள்

மறுப்பவர்களை ஒழுக்கசீலர்கள் என்று பாராட்டுவதும் பத்தாம்பசலிகள் என்று கேலி செய்வதும் நம் ஊடகங்களின் வழக்கம். அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் இரண்டும் பொருந்தாது. கோத்தகிரியைச் சேர்ந்த சாய் பல்லவி, ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கையில் ஒரு டாங்கோ நடனம் ஆடினார். நடனத்துக்குரிய ஆடை அணிந்திருந்தார். அன்று அது யாரையும் உறுத்தவில்லை. அவர் நடித்த ‘பிரேமம்’ வெற்றி பெற்றதும் அந்த வீடியோ பரவி, கீழே வந்து விழுந்த கருத்துகள் அவரைச் சங்கடப்படுத்தின. ஆடை பற்றிய தன் எல்லையை அதற்குப் பிறகே வகுத்துக்கொண்டதாக அவர் பேசியிருக்கிறார். நடனம் ஒன்றுதான், ஆடையும் ஒன்றுதான், பார்த்தவர்கள் மாறினார்கள். சாய் பல்லவியின் முடிவில் உடல் பற்றிய வெட்கத்தைவிடப் பார்வையாளரைப் பற்றிய கணிப்பே அதிகம்.

தமன்னா, திரைக்கு வந்த நாளிலிருந்து முத்தக் காட்சி இல்லை என்ற நிபந்தனையோடு நடித்தவர். 2023இல் ‘லஸ்ட் ஸ்டோரிஸ் 2’இல் அதை விலக்கிக்கொண்டார். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கையில் இத்தகைய காட்சி வந்தால் நெளிந்த பார்வையாளராகவே தானும் இருந்ததாக அவர் விளக்கினார். திரையரங்கில் ஆயிரம் பேரோடு பார்க்கும் படமும், தனியாகக் கைப்பேசியில் பார்க்கும் தொடரும் நடிகரின் எல்லையை வேறுவேறாக வரையச் செய்கின்றன. ஓடிடி வந்த பிறகு இந்திய நடிகர்கள் பலரின் நிலைப்பாடு தளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறுப்புக்கு விலையும் உண்டு. படுக்கையறைக் காட்சிகளில் நடிக்க மாட்டேன் என்ற மத நம்பிக்கையால் 2010இல் ‘ஸ்கவுண்ட்ரல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரை இழந்தார் நீல் மெக்டொனா. முத்தக் காட்சிகளில் நடிக்கப் பெற்றோருக்கு உடன்பாடு இல்லாததால் படங்களை இழந்ததாக மிருணாள் தாக்கூர் சொல்லியிருக்கிறார். தங்கள் நட்சத்திர மதிப்பு இறங்காமல் மறுக்க முடிந்தவர்கள் சல்மான் கான் போன்ற ஒரு சிலரே. ஷாருக் கான்கூட 2012இல் ‘ஜப் தக் ஹை ஜான்’ படத்தில் தன் விதியைத் தளர்த்தினார். மறுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று சொல்வது எளிது. முதல் படத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை காகிதத்தில்கூட இல்லை.

இங்கே ‘கதைக்குத் தேவைப்பட்டால் நடிப்பேன்’ என்ற வாக்கியத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளில் கதாநாயகிகளின் பேட்டிகளில் ஐம்பது வருடமாக வந்துகொண்டிருக்கும் பதில் இது. கேட்டவருக்கும் கோபம் வராது, வாய்ப்பும் போகாது. ஆனால் தேவையா இல்லையா என்று தீர்மானிப்பவர் எப்போதும் இயக்குநர்தான். இந்த வாக்கியத்தைச் சொல்லும் நடிகை, முடிவை முன்கூட்டியே இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறார்.

சம்மதித்தவர்கள்

ரத்னகுமார் இயக்கத்தில் 2019இல் வந்த ‘ஆடை’ படத்தில் அமலா பால், நாயகி ஆடையின்றித் தவிக்கும் காட்சிகளில் நடித்தார். தமிழில் ஒரு முன்னணி நடிகை இப்படி நடித்தது பரபரப்பாயிற்று. அவர் சொன்னவற்றில் கவனிக்க வேண்டியது படப்பிடிப்புத் தளத்தைப் பற்றியது. அன்று தனக்குப் பதற்றம் இருந்தது என்றார். தளத்தில் பதினைந்து பேர் மட்டுமே இருந்தார்கள், அவர்கள் மீதிருந்த நம்பிக்கையால்தான் நடிக்க முடிந்தது என்றார். துணிச்சல் என்று பத்திரிகைகள் எழுதியதற்குப் பின்னால், எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்ற திட்டமான ஏற்பாடு இருந்தது.

பிரிட்டிஷ் நடிகை எம்மா தாம்ப்சன் ‘குட் லக் டு யூ, லியோ கிராண்டே’ (2022) படத்தில் நடித்தபோது அறுபதைக் கடந்தவர். கண்ணாடி முன் தன் முதிர்ந்த உடலை எந்தத் தீர்ப்பும் இல்லாமல் பார்க்கும் ஒரு பெண்ணை அவர் நடித்துக் காட்டினார். இளமையும் கச்சிதமும் மட்டுமே திரைக்குரிய உடல் என்ற விதியை உடைப்பது அந்தக் காட்சியின் நோக்கம்; அதை அவர் தெரிந்தே, விரும்பியே செய்தார்.

எதிர்முனையில் நம் சில்க் ஸ்மிதா. 1980இல் ‘வண்டிச்சக்கரம்’ தந்த பெயரும் வேடமும் அவரை விடவே இல்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) போன்ற ஓரிரு படங்களில் கிடைத்த குணச்சித்திர வேடங்களில் அவர் யாரென்று தெரிந்தது. அப்படிப்பட்ட வேடங்களே தனக்கு ஆசை என்று பேட்டிகளில் சொல்லவும் செய்தார். விநியோகஸ்தர்கள் கேட்டது அவருடைய ஒரு பாட்டை. கவர்ச்சி நடனம் ஆட அவர் சம்மதித்தார் என்பது உண்மை. அதை மட்டுமே ஆடிக்கொண்டிருக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு முறை தந்த சம்மதத்தை ஆயுள் சந்தாவாக எடுத்துக்கொண்டது திரையுலகம்.

இன்னொரு தரப்பினரை யாரும் கேட்டதே இல்லை. ‘பேண்டிட் குவீன்’ (1994) படத்தில் பூலன் தேவி ஊர் நடுவே நிர்வாணமாக நடத்தப்படும் காட்சியில் நடித்தது சீமா பிஸ்வாஸ் அல்ல, ஒரு டூப். தன் பெயரைச் சொல்லி ஓடிய படங்களில் வேறொரு பெண்ணின் உடல் காட்டப்பட்டதாக ஷகிலாவும் பேசியிருக்கிறார். நட்சத்திரம் மறுத்த காட்சி பல நேரங்களில் நின்றுபோவதில்லை. சம்பளமும் பேரமும் குறைந்த, பெயர் திரையில் வராத ஒரு பெண்ணிடம் போய்ச் சேருகிறது. அவளுடைய மனநிலை பற்றி ஒரு பேட்டியும் கிடையாது.

ஆணுக்கு வேறு கணக்கு

2004இல் வந்த ‘மர்டர்’ படத்தில் நெருக்கமாக நடித்தவர்கள் இருவர். இம்ரான் ஹாஷ்மிக்கு முத்த நாயகன் என்ற பட்டம் கிடைத்தது. அது பிற்பாடு அவருக்கே சலித்தாலும், அடுத்த பத்து வருடத்துக்குப் படங்கள் கிடைத்தன. மல்லிகா ஷெராவத், படம் வந்த பிறகு தான் பட்டதைச் சொல்லியிருக்கிறார். திரையில் செய்பவள் வெளியில் ஏன் மறுக்கிறாள் என்று சில நாயகர்கள் கேட்டார்களாம். இணங்காததால் வாய்ப்புகள் போயினவாம். ஒரே படம், ஒரே காட்சி, இரண்டு பலன்.

அதனாலேயே ஆண்களின் சங்கடம் பேசப்படாமலும் போகிறது. ‘யூ’ தொடரின் நாயகன் பென் பேட்ஜ்லி, நான்காம் பருவத்தில் தன் நெருக்கக் காட்சிகளைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார். தன் இல்லற வாழ்வுக்குச் செய்யும் மரியாதை அது என்றார். தமிழில் ஒரு நாயகனிடம் ‘இந்தக் காட்சியில் நடிக்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா’ என்று கேட்பதையே பேட்டியாளர்கள் கூச்சமாக நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி நாயகிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பாட்டுக்கு மாஸ்டர் உண்டு

தமிழ் சினிமாவில் நெருக்கம் எப்போதுமே இருந்திருக்கிறது. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த ‘பொன்முடி’யின் காதல் காட்சிகள் அத்துமீறியவை என்று கண்டிக்கப்பட்டன, அமெரிக்கர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. அதன் பிறகு நெருக்கம் பாட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டது. மழைப் பாட்டு, கனவுப் பாட்டு, முதலிரவுப் பாட்டு. வசனக் காட்சியில் கைபிடிக்கவே தயங்கும் காதலர்கள், பாட்டில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடப்பார்கள்.

இதில் தொழில் ரீதியாக ஒரு நன்மை இருந்தது. பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் உண்டு. நாலாவது கவுண்ட்டில் நாயகன் கை இடுப்புக்கு வரும், எட்டாவதில் விலகும் என்று ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். உடன் ஆடும் குழுவுக்கும் உதவியாளருக்கும் தெரியும். கை வேறிடத்துக்குப் போனால் அது ஸ்டெப் தவறியதாகவே எல்லோர் கண்ணிலும் படும். ஈர உடையும் கேமராக் கோணமும் நடிகையைக் கேட்டு முடிவானவை அல்ல என்பது உண்மையே. ஆனால் தொடுதலாவது கணக்குக்கு உட்பட்டிருந்தது. அதேபோல் சண்டைக்கு ஃபைட் மாஸ்டர் உண்டு. எந்தக் குத்து எங்கே நிற்கும் என்று அளந்து சொல்வார், மெத்தை போடுவார், கயிற்றை இருமுறை இழுத்துப் பார்ப்பார். ‘உண்மையாகவே அடித்தால்தான் இயல்பாக வரும்’ என்று எந்த ஃபைட் மாஸ்டரும் சொல்வதில்லை.

முத்தமும் படுக்கையறையும் பாட்டை விட்டு வசனக் காட்சிக்குள் நுழைந்தபோது மாஸ்டர் கூட வரவில்லை. ‘நீங்களே பேசி வெச்சுக்குங்க’ என்று இயக்குநர் நகர்ந்துவிட, இருவரில் யார் பெரிய நட்சத்திரமோ அவர் முடிவு செய்வது வழக்கமாயிற்று.

புதிதாக வந்த மாஸ்டர்

இந்த இடத்தை நிரப்ப வெளிநாட்டில் உருவான வேலைதான் இன்டிமசி கோஆர்டினேட்டர். ‘தி டூஸ்’ தொடரில் பாலியல் தொழிலாளியாக நடித்த எமிலி மீட், தனக்கு இப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்டார். எச்பிஓ நிறுவனம் அலிசியா ரோடிஸை நியமித்தது. 2018இல், நெருக்கக் காட்சியுள்ள தன் எல்லாத் தொடர்களுக்கும் இதையே விதியாக்கியது. பிரிட்டனில் ஈட்டா ஓப்ரையன் ‘செக்ஸ் எஜுகேஷன்’, ‘நார்மல் பீப்பிள்’ தொடர்களில் இந்த முறையை நிலைநிறுத்தினார். இந்தியாவில் ‘கெஹ்ராயியான்’ (2022) படத்தில் தார் கய் இந்தப் பொறுப்புக்கான பெயரோடு டைட்டிலில் இடம்பெற்றார். ஆஸ்தா கன்னா போன்றவர்கள் இதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள்.

இவர்கள் செய்வது மர்மமான ஒன்றும் இல்லை. திரைக்கதையில் ‘இருவரும் நெருங்குகிறார்கள்’ என்ற ஒற்றை வரி இருந்தால், அதற்கு என்ன பொருள் என்று இயக்குநரிடம் கேட்டு விரிவாக எழுதி வாங்குவார்கள். பிறகு நடிகர்களிடம் தனித்தனியாகப் பேசுவார்கள். தோளைத் தொடலாமா, முதுகைத் தொடலாமா, எங்கே கூடாது என்று பட்டியல் போடுவார்கள். முழு உடையோடு ஒத்திகை நடக்கும். படப்பிடிப்பு அன்று தோல் நிறத் துணியும் டேப்பும் இருவருக்கும் நடுவே சிறு மெத்தையும் இருக்கும். தேவையற்றவர்கள் வெளியே போவார்கள், வெளியிலுள்ள மானிட்டர்கள் அணைக்கப்படும். கட் சொன்னதும் போர்த்திக்கொள்ள அங்கி தயாராக ஒருவர் கையில் இருக்கும். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, எழுத்துபூர்வமான சம்மதம் படப்பிடிப்புக்கு 48 மணி நேரம் முன்பே நடிகர் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும், படம் எடுக்கும் முன் மனம் மாறினால் நடிகர் விலகிக்கொள்ளலாம்.

எல்லா நடிகர்களும் இதை வரவேற்கவில்லை. இப்படிக் கணக்குப் போட்டால் இயல்பு கெட்டுவிடும் என்று ஷான் பீன் 2022இல் சொன்னார். சுற்றிலும் கேமராவும் குழுவும் நிற்கையில் தானாக வரும் இயல்பு என்று ஒன்று கிடையாது என்ற பொருளில் எம்மா தாம்ப்சன் பதில் சொன்னார். ‘அனோரா’வில் நடித்த மைக்கி மேடிசனுக்கு இந்த வசதி தரப்பட்டது, வேண்டாம் என்றார், 2025இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் வென்றார். கோஆர்டினேட்டர் தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக இதைச் சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. மேடிசனிடம் கேட்டார்கள், அவர் மறுத்தார். ஷ்னைடரிடம் யாரும் கேட்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லும் வசதியும் கேட்கப்பட்டவருக்கே உண்டு.

காட்சி வெளியே போன பிறகு

படப்பிடிப்புத் தளத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கதை அங்கே முடிவதில்லை. ‘கபாலி’யால் நமக்குத் தெரிந்த ராதிகா ஆப்தே நடித்த ஒரு குறும்படத்தின் நிர்வாணக் காட்சி, படம் வருமுன் 2015இல் கசிந்தது. சில நாட்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்று பின்னர் சொன்னார். தன் கார் ஓட்டுநரும் காவலாளியும் அந்தப் படங்களில் தன்னை அடையாளம் கண்டுகொண்டதே அதற்குக் காரணம். ‘சேக்ரட் கேம்ஸ்’ (2018) தொடரில் ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டே நடித்த காட்சி, கதையிலிருந்து கத்தரிக்கப்பட்டு ஆபாச வீடியோவாக வாட்ஸ்அப்பில் சுற்றியது. கதை இருக்கும்வரை அது நடிப்பு. கதையைக் கழற்றி எறிந்தால் நடிகையின் பெயரும் உடலும் மட்டும் மிஞ்சுகின்றன.

2025 ஆகஸ்டில் இது இன்னொரு எல்லைக்குப் போயிற்று. தணிக்கைச் சான்றிதழோடு பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ‘பாலேரி மாணிக்கம்’, ‘ரதிநிர்வேதம்’, ‘களிமண்ணு’ படங்களின் காட்சிகளுக்காக நடிகை ஸ்வேதா மேனன் மீது கொச்சியில் வழக்குப் பதிவானது. இயக்குநரை விட்டுவிட்டு நடிகையைப் பிடித்தார்கள். அந்த வழக்கின் விசாரணைக்குக் கேரள உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதே மாதத்தில் மலையாள நடிகர் சங்கமான அம்மாவின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்போது நடிக்கவே வேண்டியதில்லை. 2023 நவம்பரில் வேறொரு பெண்ணின் உடலில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை ஒட்டிய போலி வீடியோ நாடெங்கும் ஓடியது. அதே ஆண்டு 118 நாள் நடந்த அமெரிக்க நடிகர்களின் வேலைநிறுத்தத்தில், டிஜிட்டல் பிரதிக்குச் சம்மதம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கையாக இருந்தது. காலம் முழுக்க முத்தத்துக்கே மறுத்த நடிகையையும் நாளைக்குக் கணினி நிர்வாணமாக்கும். மறுப்பு ஒரு பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இத்தோடு போயிற்று.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

இந்தியாவில் சினிமாவுக்கான சட்டம் 1918இல் வந்தது. இன்றிருப்பது 1952இன் சட்டம். திரைப்படத் தணிக்கையை ஆராய்ந்த கோஸ்லா குழு 1969இல், கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்றது. பாலியலும் ஆபாசமும் ஒன்றல்ல என்று 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் ‘பேண்டிட் குவீன்’ வழக்கில், அந்த நிர்வாணக் காட்சி காமத்தைத் தூண்டுவதல்ல என்று கண்டு படத்தை அனுமதித்தது. 2023இன் திருத்தம் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் இந்த விவாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: பார்ப்பவர் எதைப் பார்க்கலாம்? நடித்தவர் எதற்குச் சம்மதித்தார் என்று தணிக்கை வாரியம் கேட்பதில்லை. நாய், மாடு நடித்த காட்சிக்கு விலங்குநல வாரியத்தின் சான்று கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. மனிதர் நடித்த நெருக்கக் காட்சிக்கு அப்படி ஒரு தாள் கிடையாது.

ஹேமா அறிக்கைக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம் கூடி, பாலியல் தொல்லை செய்தது நிரூபணமானால் ஐந்தாண்டு தடை என்று தீர்மானித்தது. புகார் பெறும் குழுவின் தலைமையில் நடிகை ரோகிணி இருக்கிறார். நல்ல தொடக்கம். ஆனால் குற்றம் நடந்த பிறகு தண்டிப்பது வேறு, வேலையின் முறையை முன்கூட்டி வகுப்பது வேறு.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நெருக்கக் காட்சி உள்ள படம் என்றால் ஒப்பந்தத்தோடு ஒரு தனித்தாள் இணைக்கப்பட வேண்டும். என்ன காட்சி, உடல் எவ்வளவு தெரியும், எங்கே தொடலாம், தளத்தில் யார் யார் இருப்பார்கள், மிச்சமுள்ள காட்சித்துண்டுகள் என்ன ஆகும், டீசரிலும் போஸ்டரிலும் அதைப் பயன்படுத்தலாமா, முகத்தையும் உடலையும் கணினியில் மாற்றலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டூப்பாக வரும் பெண்ணுக்கும் அதே தாள் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு இந்தத் தாளே இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட காட்சியும் கூடாது. நடிகர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியும் ஒரு வாரம் உட்கார்ந்து பேசினால் எழுதி முடித்துவிடலாம்.

கதாநாயகியிடம் ‘எவ்வளவு காட்டுவீர்கள்’ என்று கேட்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியை விடுங்கள். அடுத்த பேட்டியில் இயக்குநரிடமும் தயாரிப்பாளரிடமும் கேளுங்கள்: ‘அந்தக் காட்சியைப் பற்றி அவரிடம் எப்போது சொன்னீர்கள்? எழுத்தில் கொடுத்தீர்களா?’